சூரை மீன் எனக்கு வைத்த பரீட்சை

மாரி பிடித்துவிட்டால் இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடாவில் இருக்கும் எங்கள் சுற்றுலா விடுதியில் வேலை குறைந்துவிடும். கடல் கலங்கும், வெள்ளைக்காரர்கள் தெற்குக் கரைக்குப் போய்விடுவார்கள். ஏப்ரலில் அவர்கள் திரும்பத் தொடங்கும்வரை விடுதியில் கூரை ஒழுக்கு அடைப்பது, கதிரைகளுக்கு வர்ணம் பூசுவது, ஊழியருக்குப் பயிற்சி கொடுப்பது ஆகிய மூன்றும் நடக்கும். இந்த முறை மூன்றாவது என் தலையில் விழுந்தது. நான் களஞ்சியப் பொறுப்பாளன். கணினியில் நாலு காரியம் தெரியும் என்ற ஒரே தகுதியில், உணவுப் பாதுகாப்புப் பயிற்சிக் கோப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

பழைய முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு மணி நேர விரிவுரை, 20 கேள்விகள் கொண்ட ஒரு தாள், கடைசியில் தேநீர். கோப்பில் இருந்த தாள்களைப் புரட்டினேன். எல்லோரும் 80க்கு மேல். அன்று பின்னேரம் சமையல்கட்டுக்குப் போனால், பச்சைக் கோழி வெட்டிய அதே பலகையில் ஒரு தம்பி வெள்ளரிக்காய் அரிந்துகொண்டிருந்தான். தாளில் அவனுக்கு 90. ‘குறுக்கு மாசு என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு எழுத்துப் பிசகாமல் பதில் எழுதியிருந்தான்.

மருத்துவக் கல்வியில் தேர்ச்சியை அளப்பது பற்றி ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்த கூம்பகம் ஒன்று உண்டு. அடியில் ‘தெரியும்’, அதற்கு மேல் ‘எப்படிச் செய்வதென்று தெரியும்’, அதற்கும் மேல் ‘செய்து காட்டுவான்’, உச்சியில் ‘அன்றாடம் செய்கிறான்’. எங்கள் தாள் அடித்தட்டோடு நின்றுவிட்டது. இரண்டாம், மூன்றாம் தட்டுகளை எட்டிப்பிடிக்க ஒரு விளையாட்டு செய்யலாம் என்று நினைத்தேன். கைப்பேசியில், இணையத்தில், ஓர் இரவு விருந்து நேரத்தைச் சமாளிக்கும் விளையாட்டு. முகாமையாளரும் தலையாட்டினார்; செலவில்லை என்று சொன்னதால் இருக்கலாம்.

முதல் வாரம் கணினியையே தொடவில்லை. தேர்ச்சியை அளக்கும் விளையாட்டுகளைப் பற்றி வாசித்ததில் ஒன்று மனதில் தைத்தது. ராபர்ட் மிஸ்லேவியும் அவருடன் வேலை செய்தவர்களும் வகுத்த ‘சான்றை மையமாக வைத்த வடிவமைப்பு’ என்ற முறை அது. கேள்வியிலிருந்து தொடங்காதே என்கிறது. இந்த ஆளைப் பற்றிக் கடைசியில் என்ன சொல்ல விரும்புகிறாய், அப்படிச் சொல்ல எந்தச் செயல் சாட்சி, அந்தச் செயல் தானாக வெளிப்படும் சூழல் எது என்று பின்னாலிருந்து முன்னால் வரவேண்டும். நான் நாலு விடயம் சொல்ல விரும்பினேன்: சூட்டையும் குளிரையும் காக்கத் தெரிந்தவர், பச்சையையும் வெந்ததையும் பிரிக்கத் தெரிந்தவர், தன் கையையும் உடலையும் சுத்தமாக வைத்திருப்பவர், வந்து இறங்கும் பொருளைப் பார்த்து எடுக்கத் தெரிந்தவர். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று காட்சிகள். மொத்தம் 14.

காட்சிகளைக் கோக்க ட்வைன் என்ற இலவச மென்பொருளை எடுத்தேன். 2009இல் கிறிஸ் கிளைமாஸ் உருவாக்கியது. திரையில் சதுரம் சதுரமாகப் பத்திகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி. நாற்பது சதுரம் தாண்டியதும் கரையில் காயப்போட்ட வலை மாதிரி இருந்தது. இதன் பெரிய வசதி, முடிவில் கிடைப்பது ஒரே ஓர் எச்.டி.எம்.எல். கோப்பு, அதாவது ஓர் இணையப் பக்கம். கைப்பேசியில் ஒருமுறை திறந்துவிட்டால் சிக்னல் போனாலும் விளையாட்டு நிற்காது. எங்கள் சமையல்கட்டின் பின்பக்கத்தில் சிக்னல் என்பது வந்து போகும் விருந்தாளி. படங்களையும் அந்தக் கோப்புக்குள்ளேயே பொதிந்தேன். அப்படி எழுத்தாக மாற்றிப் பொதியும்போது படத்தின் கனம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதனால் ஒவ்வொரு படத்தையும் முதலில் நன்றாகச் சுருக்க வேண்டியிருந்தது. படங்கள் எல்லாம் எங்கள் சமையல்கட்டிலேயே எடுத்தவை. இணையத்தில் கிடைக்கும் பளபளப்பான வெளிநாட்டுச் சமையல்கட்டைப் போட்டால் நம் ஆட்கள் அதை வேறு யாருடைய பிரச்சினையோ என்றுதான் பார்ப்பார்கள்.

முடிவுகள் எனக்கு வந்துசேரும் வழிதான் தலைவலி கொடுத்தது. ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு சிறு குறி கொடுத்தேன்: ‘மீ3’, ‘கோ1’, ‘சோ2’. விளையாடுபவர் போன வழி முழுவதும் ஒரு சரமாகச் சேர்ந்துகொண்டே வரும். கடைசிப் பத்தியில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் அந்தச் சரம் ஏற்கெனவே நிரப்பப்பட்ட கூகுள் படிவம் ஒன்று திறக்கும். அனுப்பினால் என் விரிதாளில் ஒரு வரி விழும். பெரிய நிறுவனங்கள் இதற்கு எக்ஸ்ஏபிஐ என்ற பதிவு முறையைப் பயன்படுத்துகின்றன. இன்னார், இதைச் செய்தார், இன்ன பொருளை என்று ஒவ்வொரு அசைவையும் ஒரு வாக்கியமாக எழுதிவைக்கும் முறை. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். பள்ளிக்கூடத்தில் படித்த அதே மூன்றுதான். என் சரம் அதன் ஏழைத் தம்பி.

புள்ளியைவிட வழிதான் முக்கியம் என்பதால் இவ்வளவு சிரமப்பட்டேன். ‘கோழியைப் பரிமாறலாம்’ என்று இரண்டு பேர் அழுத்துகிறார்கள். ஒருவர் அதற்கு முன் மேசையில் கிடந்த வெப்பமானியைத் தொட்டு 75 பாகை செல்சியஸ் என்று பார்த்திருக்கிறார், மற்றவர் பார்க்கவில்லை. தாளில் இருவரும் சமம். சரத்தில் சமமில்லை. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வாலரி ஷூட் இந்த வகையை ‘மறைவான மதிப்பீடு’ என்கிறார். பரீட்சை நடப்பதே தெரியாமல் விளையாட்டின் ஓட்டத்திலேயே சான்று சேர்ந்துவிடும். எனக்கு அந்தப் பெயரில்தான் நெருடல். கிரானிலிருந்தும் கல்குடாவிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் ஒரே பஸ்ஸில் வந்து போகிறவர்களை மறைந்திருந்து அளந்தால், அடுத்த நாள் யார் முகத்தில் விழிப்பது? எது பதிவாகிறது என்பதை முதல் திரையிலேயே எழுதிவைத்தேன்.

முதல் பதிப்பை ஆறு பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். அதில் ஒவ்வொரு காட்சிக்கும் 20 வினாடி கடிகாரம், நட்சத்திரம், யார் முதலிடம் என்று காட்டும் பட்டியல் எல்லாம் இருந்தன. விளையாட்டு என்றால் அவையெல்லாம் வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

முதலிடம் பிடித்தவன், வந்து இரண்டு மாதமான, பரிமாறும் பகுதியில் இருக்கும் ஒரு பெடியன். சமையல்கட்டுக்குள் காலே வைத்ததில்லை. 14க்கு 12. எப்படியென்று கேட்டேன்.

“நீளமான பதிலை அழுத்தினால் போதும், அண்ணா.”

திரும்பிப் பார்த்தால் உண்மை. சரியான பதிலை எழுதும்போது மட்டும் எனக்கு அக்கறை கூடியிருக்கிறது. ‘உடனடியாக’, ‘மூடிவைத்து’, ‘பொறுப்பாளரிடம் தெரிவித்து’ என்று வால் நீண்டிருக்கிறது. பிழையான பதில்களோ மொட்டையாக நின்றன. மூன்று தெரிவு உள்ள காட்சியில் கண்ணை மூடி அழுத்தினாலே மூன்றில் ஒன்று சரியாகும். அதற்கு மேல் நானே கைகாட்டி மரமும் நட்டிருந்தேன்.

கடைசியில் நின்றவர் மீன் பகுதியில் வேலை செய்யும் ஓட்டமாவடி நானா; எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஐந்து காட்சிகளில் அவர் பிழை விடவில்லை, பதிலே இல்லை. வாசித்து முடிக்குமுன் கடிகாரம் முடிந்துவிட்டது. கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டு, “இது என்ன தம்பி, மீன் தெரியுமா என்று கேட்கிறதா, விரல் ஓடுமா என்று கேட்கிறதா?” என்றார். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பட்டியலில் தன் பெயர் கடைசியில் கிடந்ததை அவர் பார்த்தார் என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பட்டியலை அன்றே தூக்கினேன். கடிகாரத்தைத் தூக்குவது அவ்வளவு எளிதாக இல்லை, ஏனென்றால் இந்த வேலையில் நேரமும் தேர்ச்சியின் ஒரு பகுதி. கிருமி பெருகும் 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் உணவு எவ்வளவு நேரம் கிடந்தது என்பதுதான் பாதிக் கதை. அவுஸ்திரேலியர்களின் ‘இரண்டு மணி, நாலு மணி’ விதியைத்தான் எங்கள் செஃப் பின்பற்றுகிறார்: இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மறுபடி குளிரில் வைக்கலாம், இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் என்றால் உடனே பயன்படுத்த வேண்டும், நாலு தாண்டினால் வீச வேண்டும். ஆகவே கடிகாரத்தை வெளியிலிருந்து கதைக்குள் நகர்த்தினேன். விளையாடுபவர் எவ்வளவு நேரமும் யோசிக்கலாம். ஆனால் அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் கதையில் நிமிடங்கள் செலவாகும். களஞ்சியத்துக்குப் போய் ஐஸ் எடுத்துவந்தால் 10 நிமிடம்; தட்டை மாற்றாமல் மேலே புதுக் கறியை ஊற்றினால் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடச் சோம்பல் மூன்று காட்சி தாண்டி விளைவாகத் திரும்பி வரும். இந்தத் திட்டத்தில் எனக்கு உண்மையாகவே பெருமை தரும் இடம் இது ஒன்றுதான்.

மொழியையும் திருத்தினேன். ‘மைய வெப்பநிலை’ என்று எழுதியிருந்தது பலருக்குப் பிடிபடவில்லை. ‘கோழியின் நடுச்சதையில் சூடு எவ்வளவு?’ என்று மாற்றியதும் தலை அசைந்தது. ‘குளிர்சாதனப் பெட்டி’ போய் ஃப்ரிட்ஜ் வந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் என் குரலில் ஓர் ஒலிப்பதிவும் சேர்த்தேன். வாசிக்கச் சிரமப்படுபவர் கேட்டுக்கொள்ளலாம். பொலநறுவையிலிருந்து வரும் சகோதரர் ஒருவர் சிங்களப் பதிப்பைச் செய்து தந்தார்.

தை மாதம் இரண்டாம் பதிப்பை 26 பேர் விளையாடினார்கள். யாரும் எத்தனை முறையும் விளையாடலாம் என்று விட்டேன். முதல் முறை மட்டும் கணக்கு, மற்றவை பயிற்சி. மறுபடி வாசிப்பதைவிடத் தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பது நாள்பட்ட நினைவுக்கு நல்லது என்று ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் காட்டியிருக்கிறார்கள். சிலர் பஸ்ஸில் போகும்போதே நாலைந்து முறை விளையாடினார்கள்.

அதன்பிறகு விரிதாளோடு உட்கார்ந்தேன். காட்சிகளைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மொத்தப் புள்ளிப்படி ஆட்களை வரிசைப்படுத்தி, மேலே 27 சதவீதத்தையும் கீழே 27 சதவீதத்தையும் பிரித்தெடுக்க வேண்டும்; இந்த 27ஐச் சொன்னவர் ட்ரூமன் கெல்லி, 1939இல். எனக்கு 26 பேர் என்பதால் மேலே ஏழு, கீழே ஏழு. ஒரு காட்சியில் மேல் ஏழு பேரில் சரியாகச் செய்தவர்களிலிருந்து கீழ் ஏழில் சரியாகச் செய்தவர்களைக் கழித்து ஏழால் வகுத்தால் ஓர் எண் வரும். ஒன்றை நெருங்கினால் அந்தக் காட்சி நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. பூச்சியம் என்றால் சும்மா நிற்கிறது. கை கழுவும் காட்சிக்குப் பூச்சியம். 26 பேரும் சரி. அதைத் தொடக்கப் பழக்கத்துக்கு வைத்துக்கொண்டு புள்ளியை எடுத்துவிட்டேன்.

ஒன்பதாம் காட்சிக்கு வந்த எண் -0.43.

கழித்தல் குறியைப் பார்த்து, சூத்திரத்தைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். கையால் எண்ணினேன். மேல் ஏழில் இரண்டு பேர் சரி; கீழ் ஏழில் ஐந்து பேர் சரி. கெட்டிக்காரர்கள் தவறுகிறார்கள், தடுமாறுபவர்கள் சரியாகச் செய்கிறார்கள்.

காட்சி இதுதான். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து மீன் வருகிறது. லொறி தாமதம். பெட்டியில் ஐஸ் உருகி, சூரை மூன்று மணி நேரமாக வெறும் தண்ணீரில் கிடக்கிறது. மணம் பரவாயில்லை, கண் தெளிவு. என்ன செய்வீர்கள்? கழுவி உடனே ஃப்ரீசரில் வைப்பது. இன்றே நன்றாகக் கொதிக்கவிட்டுக் கறியாக்குவது. ஏற்காமல் திருப்பி அனுப்புவது. சரியான பதில் என்று நான் வைத்திருந்தது இரண்டாவது. சூடு கிருமியைக் கொல்லும், மீனும் வீணாகாது என்பது என் கணக்கு.

நானாவைத் தேடிப் போனேன். பாரை ஒன்றைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். நீங்கள் ஏன் மூன்றாவதை அழுத்தினீர்கள் என்று கேட்டேன். கத்தியை வைக்காமலே சொன்னார்:

“சூரை ஒருக்கால் சூடு கண்டால் மறுகா எத்தனை கொதி கொதித்தாலும் பிரயோசனமில்லை, தம்பி. தின்றவன் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் தடித்துப்போகும். போட்டில் நாங்கள் பார்த்திருக்கிறோம்.”

வந்து தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது அட்சரசுத்தம். சூரை, கெளவல்லா போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் சூடாகக் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமின் ஆக்கிவிடும்; முகம் சிவப்பதும் உடம்பு தடிப்பதும் அதனால்தான். கொதிக்கவிட்டால் பாக்டீரியா சாகும், ஹிஸ்டமின் சாகாது; உறையவைத்தாலும் போகாது. மணத்திலும் கண்ணிலும் பல நேரம் தெரியவும் மாட்டாது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தில் இதற்கு மேலெல்லை ஒரு கிலோ மீனுக்கு 200 மில்லிகிராம். அதை அளக்க எங்கள் சமையல்கட்டில் வழியில்லை. பிடித்ததிலிருந்து வெட்டும்வரை ஐஸ் குறையாமல் பார்ப்பது ஒன்றே வழி.

வெட்கம் என்னவென்றால், பதினோராம் காட்சியில் இதே நியாயத்தை நானே சரியாக எழுதியிருக்கிறேன். இரவு முழுக்க வெளியில் கிடந்த சோற்றைக் காலையில் வறுத்தாலும் அதில் சேர்ந்த நஞ்சு போகாது, பசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் தப்பிப் பிழைக்கும் என்று விளக்கமும் போட்டிருக்கிறேன். சோற்றில் தெரிந்த நியாயம் மீனில் எனக்கு உறைக்கவில்லை. 26 பேரில் 14 பேருக்கு, ஆபத்தான முடிவுக்கு ஒரு புள்ளியும் ‘மிக நன்று’ என்ற பச்சை எழுத்தும் கொடுத்திருக்கிறேன். அந்த 14 பேரையும் கூப்பிட்டு, பிழை என்னுடையது என்று சொல்லித் திருத்திக் கொடுத்தேன். விடையை மாற்றிக் கணக்குப் போட்டதும் அதே காட்சியின் எண் 0.57க்கு ஏறியது. மேலே ஐந்து பேர் சரி, கீழே ஒருவர். தொகுப்பிலேயே நன்றாகப் பிரித்துக் காட்டும் காட்சி இப்போது அதுதான். அதிலிருந்து, விடை எழுதும் வேலையை நான் தனியாகச் செய்வதில்லை. செஃப், நானா, ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர், இந்த மூவரும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு காட்சிக்குப் புள்ளி.

தேர்ச்சிக் கோட்டையும் அவர்களே போட்டார்கள். வில்லியம் ஆங்கோஃபின் பெயரில் 1971 முதல் வழங்கும் முறை: எல்லைக்கோட்டில் தட்டுத்தடுமாறி நிற்கும் பத்துப் பேரை நினைத்துக்கொள்ளுங்கள், இந்தக் காட்சியில் அவர்களில் எத்தனை பேர் சரியாகச் செய்வார்கள்? ஒவ்வொரு காட்சிக்கும் மூவரும் ஓர் எண் சொல்ல, சராசரிகளைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் கோடு கிடைத்துவிடும். கூடவே செஃப் ஒரு நிபந்தனை வைத்தார். சூரைக் காட்சியிலோ ஒவ்வாமைக் காட்சியிலோ தவறினால் மற்றவை எல்லாம் சரியானாலும் ‘இன்னும் தேர்ச்சி பெறவில்லை’. என்.வி.கியு. என்ற தேசிய தொழில் தகைமை மதிப்பீட்டுக்குப் போய்வந்தவர்களுக்கு அந்தச் சொல் பழக்கம் என்பதால் யாரும் முறுகவில்லை.

மாசி முடிவில் உச்சித்தட்டைப் பார்க்கப் போனோம்: அன்றாடம் செய்கிறார்களா? செஃபும் நானும் ஆளுக்கொரு பட்டியலோடு, ஒரே சமையலைத் தனித்தனியாகப் பார்த்துக் குறித்தோம். முதல் நாள் எங்கள் பட்டியல்களே ஒத்துவரவில்லை. குழாய்க்குக் கீழே கையை நீட்டி எடுத்ததை அவர் கழுவியதாகக் குறித்திருந்தார், நான் குறிக்கவில்லை. சவர்க்காரம் தொட்டால்தான் கணக்கு என்று முடிவு செய்தபிறகு ஒத்துவந்தது. பலகை மாற்றுவது நன்றாகத் திருந்தியிருந்தது. வெள்ளரிக்காய்த் தம்பி காய்கறிக்கான பச்சை நிறப் பலகையைத் தேடி எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் கோழியின் நடுச்சூட்டை அளப்பது? விளையாட்டில் சமையல்காரர்கள் ஐந்து பேரும் சரி. ஒரு வாரம் பார்த்ததில் ஒருவர்கூட ஒருமுறைகூட அளக்கவில்லை.

மறுபடி பயிற்சி வைக்கலாம் என்று நான் தொடங்க, சமையல்கட்டு அக்கா ஒருவர் இடைமறித்தார். “வெப்பமானி எங்கே இருக்கிறது என்று தெரியுமா உங்களுக்கு?”

தெரியவில்லை. அது செஃபின் மேசை லாச்சியில், பூட்டிக் கிடந்தது. ஒன்றே ஒன்று, போன முறை வாங்கியது காணாமல் போனதால் பூட்டு. என் விளையாட்டில் அது மேசையில், ஒரு தொடுகையில். பக்கத்தில் நின்ற செஃப் என்னைப் பார்க்காமல் சாவிக்கொத்தைத் தடவினார். பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தில் நாலு வெப்பமானிகள் வாங்கி, ஒவ்வோர் அடுப்புப் பக்கத்திலும் நைலோன் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். நொறுக்கிய ஐசில் தண்ணீர் ஊற்றி முனையை விட்டால் பூச்சியம் காட்டவேண்டும் என்பதை ஒரு கோப்பையை வைத்துப் பத்து நிமிடத்தில் காட்டிக் கொடுத்தேன். அதையே கேட்ட காட்சியில் 26 பேரில் ஆறு பேர்தான் சரியாகச் செய்திருந்தார்கள். அது மட்டும் உண்மையிலேயே பயிற்சிக் குறை. அடுத்த வாரம் அளப்பது தொடங்கிவிட்டது. கயிறுகளில் ஒன்று ஏற்கெனவே வெறுமையாகத் தொங்குகிறது. தேயிலை வாளியில் தேடச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் பதிப்பில் வெப்பமானி மேசையில் இல்லை. தேடிப்போக வேண்டும், கதைக் கடிகாரத்தில் இரண்டு நிமிடம்.

பதினைந்தாவதாக ஒரு காட்சி எழுதிவைத்திருக்கிறேன். காலை மேசையில் சட்டித் தயிர், எருமைத் தயிர், ஆறரைக்கு வைத்தது. இப்போது மணி பத்து, பாதிச் சட்டி மிச்சம். செஃப் வீசச் சொல்கிறார். மட்டக்களப்பில் பிறந்துவிட்டு அரைச் சட்டித் தயிரை வீசுவதா, புளிக்கும், அவ்வளவுதான் என்கிறார் நானா. பரிசோதகர் சட்டி மூடியிருந்ததா, யார் கரண்டி விட்டது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மூன்று தேநீர் முடிந்தும் ஒத்துவரவில்லை. இப்போதைக்கு அந்தக் காட்சியில் எதை அழுத்தினாலும் புள்ளி இல்லை. யாரோ வந்து சட்டியை உள்ளே எடுத்துப் போகிறார்கள், கதை மதியச் சாப்பாட்டுக்கு நகர்கிறது.